மௌனமாக நின்ற கட்டளைகள்: கிட்லேப் தரவுத்தள இழப்பும் மீட்பும், 2017 – ஒரு நிகழ்வு ஆய்வு

2017 ஜனவரி 31 அன்று, உலகப் பொது நேரப்படி இரவு 11:30 மணியளவில், கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர், முதன்மை சர்வரின் பிரதியை வைத்திருக்கும் துணை சர்வரின் தரவுக் கோப்பகத்தை நீக்குவதாக எண்ணிக்கொண்டு, முதன்மை சர்வரில் இருந்த உண்மையான தரவுக் கோப்பகத்தை நீக்கும் கட்டளையை இட்டார். ஓரிரு நொடிகளில் தவற்றை உணர்ந்து அதை நிறுத்தியும்விட்டார். அதற்குள் ஏறத்தாழ 300 ஜிகாபைட் அளவிலான தரவில் எஞ்சியிருந்தது 4.5 ஜிகாபைட் மட்டுமே.

மென்பொருள் எழுதுவோர் தம் நிரல்களைச் சேமித்து வைத்து, பலர் கூடிப் பணியாற்றுவதற்கான தளம் கிட்லேப். நிரல் களஞ்சியங்களும் விக்கிப் பக்கங்களும் வேறு கோப்பு சர்வர்களில் இருந்தமையால் அவற்றுக்கு ஒன்றும் நேரவில்லை. ஆனால் எந்தத் திட்டம் யாருடையது, யார் யார் பயனர்கள், எந்தப் பிழை குறித்து யார் என்ன சொன்னார்கள் என்பன போன்ற செய்திகள் யாவும் ஒரே போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் இருந்தன. தளம் மறுநாள் மாலை 6 மணிக்கே முழுமையாக மீண்டது. இடையில் கழிந்தவை 18 மணி நேரத்திற்கும் சற்று மேல்.

தரவுத்தளங்களைப் பராமரிப்போர் பலரிடமும் இத்தகைய கதை ஒன்று இருக்கும். பெரும்பாலும் அது அலுவலகச் சுவர்களுக்குள்ளேயே புதைந்துவிடும். கிட்லேப் அப்படிச் செய்யவில்லை. மீட்புப் பணி நடந்துகொண்டிருந்தபோதே அதன் குறிப்பேட்டை எவரும் படிக்கும்படி திறந்து வைத்தது. யூடியூபில் அப்பணியை நேரலையாகக் காட்டியது. ஒரு கட்டத்தில் சுமார் 5,000 பேர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தனர். சில நாட்களில் வெளிவந்த விரிவான ஆய்வறிக்கை, கட்டளையை இட்டவரைப் பெயரால் சுட்டாமல், என்னென்ன நடந்தன என்பதை மணிக்கணக்காகப் பதிவுசெய்தது. அந்தத் துணிவுக்கு நம் துறையினர் கடமைப்பட்டிருக்கிறோம். இந்த ஆய்வு அப்பொதுப் பதிவுகளைக் கொண்டும், அதே கருவிகளை அன்றாடம் கையாளும் ஒருவனின் அனுபவத்தைக் கொண்டும் எழுதப்படுகிறது.

இந்நிகழ்வைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் நீக்கல் கட்டளையையே பேசுகின்றனர். என் கவனம் வேறிடத்தில் இருக்கிறது. யூனிக்ஸ் என்னும் இயக்குதளத்தின் மரபில் வந்த கட்டளைகளுக்கு ஒரு வழக்கம் உண்டு: வேலை சரியாக முடிந்தால் அவை எதுவும் சொல்வதில்லை; கோளாறு நேர்ந்தால் மட்டுமே வாய் திறக்கும். மௌனம் சம்மதம் என்று நாம் சொல்வதைப் போல, கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் திரையான முனையத்தில் அடுத்த வரி அமைதியாக வந்து நின்றால் எல்லாம் நலம் என்று கொள்ளும் பழக்கம் கட்டளை வரியில் ஆண்டுக்கணக்கில் வேலை செய்பவரின் விரல்களில் ஊறிவிடுகிறது. அன்றைய நிகழ்வில் மூன்று இடங்களில் கருவிகள் மௌனமாக இருந்தன. முதல் மௌனத்தின் பொருள் காத்திருத்தல். இரண்டாவதன் பொருள் அழித்தல். மூன்றாவதன் பொருள், நெடுநாளாக எவரும் அறியாமல் தொடர்ந்துவந்த தோல்வி. மூன்றையும் பிரித்தறிய வழியில்லாமல் போனதே இழப்பின் வேர் என்பது என் கருத்து.

அன்று மாலை

நிகழ்வின் தொடக்கம் ஆறு மணி நேரத்திற்கு முன்பே இருந்தது. மாலை 5:20 மணிக்கு, பின்னர் தவறு செய்யவிருந்த அதே பொறியாளர், சோதனைச் சூழலில் பிஜிபூல் என்னும் கருவியைக் கொண்டு தரவுத்தளச் சுமையைப் பல சர்வர்களுக்குப் பகிர்ந்தளிக்கும் முறையை ஆராய விரும்பினார். சோதனைச் சூழலின் தரவு பழையதாகிவிட்டிருந்தமையால், பயனர்கள் உண்மையில் பயன்படுத்தும் உற்பத்தித் தரவுத்தளத்தின் வட்டினை, லினக்ஸின் வட்டு மேலாண்மைக் கருவியான எல்விஎம் கொண்டு ஒரு ஸ்னாப்ஷாட் (அக்கணத்தின் உறைநிலைப் பிரதி) எடுத்து அங்கே ஏற்றினார். வழக்கமாக 24 மணி நேரத்திற்கு ஒருமுறை தானாக எடுக்கப்படும் ஸ்னாப்ஷாட்டிற்கு அப்பால், கையால் எடுக்கப்பட்ட கூடுதல் ஸ்னாப்ஷாட் அது. பேக்கப் என்ற எண்ணமே அவருக்கு அப்போது இருந்திருக்க வேண்டியதில்லை.

மாலை 7 மணியளவில் தரவுத்தளத்தின் சுமை திடீரென உயர்ந்தது. வேண்டாத பதிவுகளைக் குவிக்கும் பயனர்களே காரணம் என்று முதலில் ஐயுற்றனர். பின்னர் தெரியவந்த மற்றொரு காரணம், நிறுவனத்தின் ஊழியர் ஒருவரின் கணக்கை யாரோ வேண்டுமென்றே முறைகேடானது என்று புகார் செய்ய, அக்கணக்கையும் அதைச் சார்ந்த அனைத்துத் தரவுகளையும் அழிக்கும் பின்னணிப் பணி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. இரவு 11 மணியளவில் இந்தச் சுமையின் விளைவாகத் துணை சர்வர் முதன்மை சர்வரைப் பின்தொடர முடியாமல் பின்தங்கிவிட்டது.

இங்கே நகலாக்கம் எவ்வாறு நடக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு மாற்றத்தையும் தரவுக் கோப்புகளில் எழுதுவதற்கு முன், மாற்றப் பதிவேடு ஒன்றில் எழுதுகிறது. அப்பதிவேடு 16 மெகாபைட் அளவுள்ள துண்டுகளாக இருக்கும். துணை சர்வர் அத்துண்டுகளை வாங்கித் தன் பிரதியில் வரிசையாகப் பொருத்திக்கொண்டே வருகிறது. முதன்மை சர்வரோ, தனக்கு இனித் தேவையில்லாத துண்டுகளைச் சில காலம் வைத்திருந்துவிட்டு அகற்றிவிடுகிறது. துணை சர்வர் வாங்குவதற்கு முன்பே ஒரு துண்டு அகற்றப்பட்டுவிட்டால் தொடர்ச்சி அறுந்துவிடும். அதன்பின் எவ்வளவு காத்திருந்தாலும் அது தானாகச் சேராது. அகற்றப்படும் துண்டுகளை வேறிடத்தில் சேர்த்துவைக்கும் ஏற்பாட்டினைப் போஸ்ட்கிரெஸ் நெடுங்காலமாகவே கொண்டிருக்கிறது. கிட்லேப் அதைப் பயன்படுத்தவில்லை. இந்த ஒரு விடுபடலுக்கு இரண்டு விலை கொடுக்க நேர்ந்தது என்பதால், பின்னர் இதற்கு மீண்டும் வருவேன்.

அந்தப் பொறியாளர் அன்றைய பணியை முடித்துக்கொண்டு கிளம்பும் வேளை அது. நகலாக்கம் அறுந்ததால் அவர் தங்கிவிட்டார்.

காத்திருந்த கட்டளை

அறுந்த நகலாக்கத்தைச் சீர்செய்ய ஒரே வழி, துணை சர்வரின் தரவுக் கோப்பகத்தைக் காலிசெய்துவிட்டு, பிஜி_பேஸ்பேக்கப் என்னும் கட்டளையைக் கொண்டு முதன்மையிலிருந்து முழுப் பிரதியை மீண்டும் எடுப்பதாகும். அக்கட்டளை தனக்கு அளிக்கப்படும் கோப்பகம் காலியாக இருக்க வேண்டும் என்று வற்புறுத்தும்; ஒரு கோப்பு இருந்தாலும் மறுத்துவிடும். இந்த நிபந்தனை பாதுகாப்புக்காகவே வைக்கப்பட்டது. ஆனால் அதன் பக்க விளைவாக, முழுக் கோப்பகத்தையும் நீக்கும் கட்டளை அவ்வேலையின் வழக்கமான ஒரு படியாகவே ஆகிவிடுகிறது.

முதல் முயற்சியில், நகலாக்க இணைப்புகளுக்கு விதிக்கப்பட்ட உச்சவரம்பு போதவில்லை என்று முதன்மை சர்வர் முறையிட்டது. வரம்பை உயர்த்தினார்கள். அந்த மாற்றம் நடைமுறைக்கு வர முதன்மையை மறுதொடக்கம் செய்தபோது, போஸ்ட்கிரெஸ் எழ மறுத்தது: இணைப்புகளின் உச்ச எண்ணிக்கை 8,000 என்று வைக்கப்பட்டிருந்ததால், அத்தனைக்கும் வேண்டிய செமஃபோர்களை (செயல்முறைகளை ஒருங்கிணைக்கும் கணினி வளங்களை) இயக்குதளம் தர முடியவில்லை. ஏறத்தாழ ஓராண்டாக அதே 8,000 எவ்விதத் தொல்லையும் தராமல் ஓடியிருந்தது. அதை 2,000 ஆகக் குறைத்த பின்னரே சர்வர் எழுந்தது. ஒரு சிக்கலைத் தீர்க்கப் போய், அதற்குத் தொடர்பே இல்லாத மற்றொரு சிக்கலில் நள்ளிரவு நேரத்தில் மாட்டிக்கொள்ளும் களைப்பை இத்துறையில் இருப்போர் அறிவர்.

அதன்பின் பிஜி_பேஸ்பேக்கப் பிழை எதுவும் காட்டவில்லை; வேறெதையும் காட்டவுமில்லை. அப்படியே நின்றது. ஓடும் நிரல் இயக்குதளத்திடம் கேட்பவற்றைக் காட்டும் எஸ்ட்ரேஸ் கருவியால் அதன் உள்ளே எட்டிப் பார்த்தபோதும், எதற்காகவோ காத்திருக்கிறது என்பதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. உண்மையில் அது சரியாகவே நடந்துகொண்டிருந்தது. முழுப் பிரதி எடுக்கத் தொடங்குமுன், நினைவகத்தில் இருக்கும் மாற்றங்களை முதன்மை சர்வர் வட்டில் எழுதி முடிக்கும் செக்பாயிண்ட் ஒன்று நிறைவடைய வேண்டும். அன்றாடப் பணிக்கு இடையூறு நேராதபடி போஸ்ட்கிரெஸ் இதனை இயல்பாகவே நிதானமாகச் செய்யும். சுமை மிகுந்த சர்வரில் பல நிமிடங்கள் பிடிக்கும். கட்டளையில் செக்பாயிண்ட் தெரிவை ‘ஃபாஸ்ட்’ என்று கொடுத்தால் உடனே எழுதி முடித்துவிட்டுப் பிரதி எடுக்கத் தொடங்கும். விரிவாகப் பேசும் தெரிவையும் முன்னேற்றத்தைக் காட்டும் தெரிவையும் சேர்த்துக் கொடுத்தால், இன்றைய பதிப்புகள் செக்பாயிண்டிற்காகக் காத்திருப்பதை வெளிப்படையாகவே அறிவிக்கின்றன. அன்றிருந்த 9.6 பதிப்பை இயக்கியவர்களுக்கு அந்த ஆறுதல் வரி கிடைக்கவில்லை. இந்த மௌனம் இயல்பானது என்று நிறுவனத்தின் நடைமுறைக் கையேட்டிலும் எழுதப்பட்டிருக்கவில்லை.

காரணம் தெரியாத மௌனத்திற்கு மனம் ஒரு காரணத்தைப் படைத்துக்கொள்ளும். முந்தைய முயற்சிகளின்போது பிஜி_பேஸ்பேக்கப் துணை சர்வரின் கோப்பகத்தில் ஏதேனும் கோப்புகளை உருவாக்கியிருக்கலாம், அவையே இப்போது தடையாக இருக்கின்றன என்று பொறியாளர் முடிவுசெய்தார். அந்த ஊகத்தில் முரண் ஏதும் இல்லை. கோப்பகத்தை முழுவதும் நீக்கும் ஆர்எம் கட்டளையை, உள்ளடங்கிய யாவற்றையும் கேள்வி கேட்காமல் நீக்கும் தெரிவுகளுடன் இட்டார். முதன்மை சர்வரின் பெயரும் துணை சர்வரின் பெயரும் ஒன்று, இரண்டு என்ற ஓர் இலக்கத்தில் மட்டுமே வேறுபட்டன. கட்டளை இடப்பட்ட முனையம் முதன்மையினுடையது.

ஆர்எம் எதையும் சொல்லாமல் தன் வேலையைச் செய்தது.

அவர் உடனே நடந்ததைச் சக ஊழியர்களிடம் தெரிவித்தார். அன்றைக்கு இனித் தான் நிர்வாக உரிமையுடன் எந்தக் கட்டளையையும் இடாமலிருப்பதே நல்லது என்று கூறி, மீட்புப் பணியை மற்றொருவரிடம் ஒப்படைத்தார் என்று அன்றைய குறிப்பேட்டில் இருக்கிறது. இவ்வரியை நான் மதிப்புடன் படிக்கிறேன். தவறு செய்த கை அதைத் தானே சரிசெய்துவிடத் துடிக்கும் என்பதையும், அந்தத் துடிப்பே இரண்டாவது விபத்துக்கு இட்டுச் செல்லும் என்பதையும் அவர் அந்த நிமிடத்திலேயே அறிந்திருந்தார்.

பேக்கப்புகளைத் தேடிய இரவு

இனி மூன்றாவது மௌனம். நிறுவனத்திடம் பேக்கப் இல்லாமல் இல்லை. ஏற்பாடுகள் பல இருந்தன. நாள்தோறும் பிஜி_டம்ப் கொண்டு தரவுத்தளத்தின் முழு நகல் எடுக்கப்பட்டு, அமேசானின் எஸ்3 சேமிப்பகத்திற்கு அனுப்பப்பட வேண்டும். அந்தச் சேமிப்பகத்தைத் திறந்து பார்த்தபோது அது காலியாக இருந்தது.

காரணம் பதிப்பு வேறுபாடு. தன்னைவிடப் புதிய முதன்மைப் பதிப்பில் ஓடும் சர்வரிலிருந்து பிஜி_டம்ப் நகல் எடுக்காது. பிழை காட்டி நின்றுவிடும். போஸ்ட்கிரெஸ் 10 வருவதற்கு முன் முதல் இரு எண்களும் சேர்ந்தே முதன்மைப் பதிப்பைக் குறித்தன, ஆகவே 9.2, 9.6 ஆகியவை பார்வைக்கு அண்டை வீட்டார் போலத் தோன்றினாலும் தனித்தனிப் பதிப்புகள். கிட்லேப்பின் தரவுத்தளம் 9.6இல் ஓடியது. நகல் எடுக்கும் பணியோ பயன்பாட்டு சர்வர் ஒன்றில் ஓடியது. எந்தப் பதிப்புக் கருவியைப் பயன்படுத்துவது என்பதை, தரவுக் கோப்பகத்தில் உள்ள பதிப்பெண் கோப்பைப் பார்த்து அவர்களின் நிறுவல் தொகுப்பு முடிவுசெய்யும். பயன்பாட்டு சர்வரில் தரவுக் கோப்பகமே இல்லை. எனவே தொகுப்பு தன் இயல்பு மதிப்பான 9.2க்குப் போனது, 9.2இன் பிஜி_டம்ப் 9.6 சர்வரைக் கண்டு மறுத்துவிட்டது. ஒவ்வொரு முறையும் இதுவே நடந்தது.

கவனிக்க வேண்டியது, பிஜி_டம்ப் மௌனமாக இருக்கவில்லை என்பதே. அது ஒவ்வொரு முறையும் தெளிவாகப் பிழையைச் சொன்னது. குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் கிரான், அப்பிழையை ஒவ்வொரு முறையும் மின்னஞ்சலாக அனுப்பியது. ஆனால் நிறுவனத்தின் மின்னஞ்சல்களுக்கு டிமார்க் என்னும் சரிபார்ப்பு நடைமுறைப்படுத்தப்பட்டிருந்தது. கிரான் அனுப்பிய கடிதங்களுக்கு அதற்கேற்ற ஒப்பம் இல்லை. பெறும் சர்வர் அவற்றை ஏற்க மறுத்தது. கதவைத் தட்டிய தூதனை வாயிற்காவலனே திருப்பி அனுப்பிவிட்டான். உள்ளே இருந்தவர்களுக்குக் கேட்டதெல்லாம் அமைதி. அதை அவர்கள் நலம் என்று கொண்டனர்.

அஷூர் மேகத்தளத்தின் வட்டு ஸ்னாப்ஷாட்டுகள் கோப்பு சர்வர்களுக்கு எடுக்கப்பட்டன. தரவுத்தள சர்வர்களுக்கு எடுக்கப்படவில்லை. மற்ற ஏற்பாடுகள் போதும் என்று கருதியிருந்தனர். நகலாக்கத்தைப் பேக்கப்பாகக் கணக்கில் எடுக்கவே இயலாது: முதன்மையில் ஓர் அட்டவணையை அழித்தால் துணையிலும் அது அழியும், அன்றிரவு துணை சர்வரின் தரவு, மறுபிரதி எடுப்பதற்காக முன்பே துடைக்கப்பட்டும் இருந்தது. ஐந்து விதமான பேக்கப், நகலாக்க முறைகளுள் ஒன்றுகூட நம்பும்படி இயங்கவில்லை அல்லது அமைக்கப்படவே இல்லை என்று குறிப்பேட்டில் அவர்களே எழுதினர்.

எஞ்சியவை இரண்டு. ஒன்று, வழக்கமான எல்விஎம் ஸ்னாப்ஷாட். அது ஏறத்தாழ ஒரு நாள் பழையது. மற்றொன்று, மாலை 5:20க்கு எடுக்கப்பட்டுச் சோதனைச் சூழலில் ஏற்றப்பட்டது. நிறுவனத்தின் ஒரு நாள் உழைப்பைக் காப்பாற்றியது, எந்தப் பேக்கப் திட்டத்திலும் இடம்பெறாத, வேறொரு தேவைக்காகக் கையால் எடுக்கப்பட்ட இந்தப் பிரதிதான். அதை எடுத்தவரும் அழித்தவரும் ஒருவரே என்பதை இங்கே நினைவுகூர்வது நேர்மை.

மீட்பு

எல்விஎம் ஸ்னாப்ஷாட்டிலிருந்து தரவுத்தளம் எழுந்து நிற்க முடியுமா என்று இளைய பொறியாளர்கள் கேட்பதுண்டு. ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தின் கோப்புகளைச் சாதாரண நகல் கட்டளையால் எடுத்தால் அப்பிரதி பயன்படாது. முதல் கோப்பை எடுக்கும் நேரத்திற்கும் கடைசிக் கோப்பை எடுக்கும் நேரத்திற்கும் இடையே தரவு மாறிவிட்டிருக்கும். ஸ்னாப்ஷாட்டோ முழு வட்டையும் ஒரே கணத்தில் உறையவைக்கிறது. போஸ்ட்கிரெஸின் பார்வையில் அது, மின்சாரம் திடீரெனப் போய்த் திரும்பிய சர்வரைப் போன்றது. எழும்போது மாற்றப் பதிவேட்டைப் படித்து, முடிவுற்ற பரிவர்த்தனைகளைப் பொருத்தி, முடிவுறாதவற்றை விட்டுவிடும். தரவும் மாற்றப் பதிவேடும் ஒரே ஸ்னாப்ஷாட்டில் அடங்கியிருக்க வேண்டும் என்பதே நிபந்தனை.

மீட்புக் குழுவினர் முதலில் செய்தவை நிதானமானவை. சோதனைச் சூழலின் தரவையே பாதுகாப்பாக இன்னொரு பிரதி எடுத்துக்கொண்டனர். ஏனெனில் அந்நிமிடத்தில் உலகில் இருந்த பயன்படத்தக்க புதிய நகல் அது ஒன்றே. முதன்மை சர்வரில் எஞ்சிய 4.5 ஜிகாபைட்டையும் மாற்றப் பதிவேட்டையும் வீசிவிடாமல் கட்டிவைத்தனர். அதன் பின்னரே சோதனைச் சர்வரின் தரவுக் கோப்பகத்தை உற்பத்தி சர்வருக்கு நகர்த்தத் தொடங்கினர்.

நகர்த்தல் மிக மெதுவாக நடந்தது. சோதனைச் சூழல் செலவைக் குறைப்பதற்காக வேகம் குறைந்த வட்டுகளில் அமைக்கப்பட்டிருந்தது. நொடிக்குச் சுமார் 60 மெகாபிட் அளவிலேயே தரவு வெளிவந்தது. 300 ஜிகாபைட்டை அவ்வேகத்தால் வகுத்துப் பார்த்தால் 11 மணி நேரத்திற்கும் மேல் வருகிறது. பேக்கப் எங்கே இருக்கிறது என்று கேட்கும் நாம், அது அங்கிருந்து எவ்வளவு நேரத்தில் வந்துசேரும் என்று கேட்பதில்லை. மீட்புக்கு எத்தனை மணி நேரம் ஆகும் என்று மேலாளர் வினவும்போது, இந்த எளிய வகுத்தல் கணக்கின் விடை முன்கூட்டியே கையில் இருந்தால், அந்த இரவின் பேச்சு முழுவதுமே வேறு விதமாக அமையும்.

தரவு வந்துசேர்ந்தபின் இரண்டு நுண்ணிய வேலைகள் மீதமிருந்தன. முதலாவது, தொடர் எண்கள். மாலை 5:20க்குப் பிறகு பிறந்த பதிவுகள் மறைந்துவிட்டாலும், அவற்றின் அடையாள எண்கள் மின்னஞ்சல்களிலும் பிற அமைப்புகளிலும் வெளியே உலவிக்கொண்டிருந்தன. மீட்கப்பட்ட தரவுத்தளம் அதே எண்களைப் புதிய பதிவுகளுக்குக் கொடுத்தால், பழைய இணைப்பு ஒன்று வேறொருவரின் திட்டத்தைச் சுட்டத் தொடங்கும். எனவே தொடர் எண்கள் 1,00,000 கூட்டி முன்னே தள்ளப்பட்டன. கேட்க எளிமையாக இருக்கும் இந்தப் படியை மீட்பு நடைமுறைகள் பலவற்றில் நான் கண்டதில்லை. இரண்டாவது, வெப்ஹுக்குகள்; அதாவது, தளத்தில் ஏதேனும் நிகழ்ந்தவுடன் வெளி சர்வர்களுக்குத் தானாகச் செல்லும் அழைப்புகளுக்கான அமைப்புகள். சோதனைச் சூழலிலிருந்து வெளியாரின் சர்வர்களுக்குத் தவறுதலாக அழைப்புகள் போய்விடக்கூடாது என்பதற்காக, உற்பத்தித் தரவை அங்கே ஏற்றும்போதே வெப்ஹுக்குகளை அழித்துவிடுவது வழக்கம். அந்த முன்னெச்சரிக்கை சரியானதே. ஆனால் அதனால் மீட்பு மூலத்தில் அவை இல்லை. பிப்ரவரி 1 மாலை 5 மணிக்குத் தரவுத்தளம் வெப்ஹுக்குகள் இல்லாமல் எழுந்தது. 6 மணிக்குள் அவையும் மீட்கப்பட்டன.

மாலை 5:20 முதல் நள்ளிரவு வரையிலான மாற்றங்கள் திரும்பவில்லை. நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி சுமார் 5,000 திட்டங்கள், 5,000 கருத்துகள், 700 புதிய பயனர் கணக்குகள் அவற்றுள் அடங்கும்.

இருந்திருக்க வேண்டிய மீட்பு

மாற்றப் பதிவேட்டுத் துண்டுகளை வேறிடத்தில் சேர்த்துவைக்காததற்கு இரண்டு விலை என்று மேலே சொன்னேன். சேர்த்துவைத்திருந்தால் துணை சர்வர் விடுபட்ட துண்டுகளை அங்கிருந்து எடுத்துக்கொண்டு தானாகவே முதன்மையை எட்டியிருக்கும். மறுபிரதி எடுக்கும் தேவையே எழுந்திருக்காது. இது முதல் விலை. அப்படியும் யாரோ கோப்பகத்தை அழித்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். அடிப்படைப் பிரதி ஒன்றும், அதற்குப் பிந்தைய துண்டுகள் யாவும் கையில் இருந்தால், 9.6 பதிப்பில் ரெகவரி.கான்ஃப் என்னும் கோப்பில் துண்டுகளை எங்கிருந்து எடுப்பது என்ற கட்டளையையும், எந்த நேரம்வரை மீட்பது என்பதையும் எழுதிவிட்டுச் சர்வரைத் தொடங்கினால் போதும். இரவு 11:25 என்று எழுதினால் 11:25இன் நிலை திரும்பும். ஆறு மணி நேர இழப்பு சில நிமிடங்களாகச் சுருங்கியிருக்கும். பதிப்பு 12 முதல் அக்கோப்பு நீக்கப்பட்டு அதே அமைப்புகள் முதன்மை அமைப்புக் கோப்பிற்கு மாறிவிட்டன என்பதைப் பழைய குறிப்புகளை வைத்திருப்போர் கவனிக்க வேண்டும். நிகழ்வுக்குப் பின் கிட்லேப் வால்-ஈ என்னும் கருவியைக் கொண்டு துண்டுகளைச் சேர்த்துவைக்கும் பணியை மேற்கொண்டது. பேக்கப்புகளைக் கண்காணிப்பதும், அவற்றிலிருந்து மீட்டெடுத்துத் தானியங்கியாகச் சோதிப்பதும் அதன் திட்டத்தில் சேர்ந்தன. எந்தச் சர்வரில் இருக்கிறோம் என்பது பளிச்செனத் தெரியும்படி முனையத்தின் முன்வரிக்கு வண்ணம் தீட்டும் ஏற்பாடும் அவற்றுள் ஒன்று.

பிஜி_டம்ப் வழியை நம்பியிருப்போருக்கும் மௌனப் பொறிகள் உண்டு. பலரும் அதன் வெளியீட்டைக் குழாய் வழியே ஜிசிப் கருவிக்கு அனுப்பிச் சுருக்கிச் சேமிக்கின்றனர். குழாயின் வெற்றி தோல்வியை, கட்டளைகளை ஏற்று இயக்கும் ஷெல் இயல்பாகக் கடைசிக் கட்டளையைக் கொண்டே முடிவுசெய்யும். பிஜி_டம்ப் முதல் நொடியிலேயே பிழையுற்று நின்றாலும், ஒன்றுமில்லாததைச் சுருக்கி முடித்த ஜிசிப் வெற்றி என்றே அறிவிக்கும். 20 பைட் அளவுள்ள, இன்றைய தேதியிட்ட கோப்பு ஒன்று பேக்கப் கோப்பகத்தில் வந்து உட்காரும். கோப்பு இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் கண்காணிப்புக்கு அது போதும். பேஷ் ஷெல்லில் பைப்ஃபெயில் என்ற அமைப்பை இட்டுவிட்டால், குழாயின் எந்தக் கண்ணி அறுந்தாலும் முழுக் கட்டளையும் தோல்வியாகவே முடியும். நான் ஒரு வேலையைப் பொறுப்பேற்கும்போது பேக்கப் ஸ்கிரிப்டில் முதலில் தேடுவது இந்த ஒரு வரியைத்தான்.

மீட்கும் திசையிலும் இதே நிலைதான். வெற்று உரை வடிவில் எடுத்த நகலை, போஸ்ட்கிரெஸின் கட்டளை வரிக் கருவியான பிஎஸ்கியூஎல் வழியே ஏற்றினால், நடுவே பிழை நேர்ந்தாலும் அது அடுத்த வரிக்குப் போய்க்கொண்டே இருக்கும். முடிவில் வெற்றி என்றே திரும்பும். பிழை கண்டவுடன் நிற்கச் சொல்லும் மாறியை வெளிப்படையாக இட வேண்டும். மற்ற வடிவங்களில் எடுத்த நகல்களை ஏற்றும் பிஜி_ரெஸ்டோரும் இயல்பாகப் பிழைகளைத் தாண்டிச் செல்லும். முடிவில் எத்தனை பிழைகள் புறக்கணிக்கப்பட்டன என்று ஒரு வரி சொல்லும், அவ்வளவே. ஆகவே நகலை பிஜி_டம்ப்பின் ‘கஸ்டம்’ என்னும் தனிவடிவில் எடுத்து, பிஜி_ரெஸ்டோரின் பட்டியல் தெரிவால் உள்ளடக்கத்தை முதலில் படித்துப் பார்த்து, புதிதாக உருவாக்கிய காலித் தரவுத்தளத்தில், முதல் பிழையிலேயே நிற்கும் தெரிவுடன் ஏற்றுவதே என் வழக்கம். பிழையைத் தாண்டிப் போனால் பாதி அட்டவணைகளுடன் எழுந்து நிற்கும் தரவுத்தளத்தைப் பயனர்களே முதலில் கண்டுபிடிப்பார்கள். தரவுத்தளப் பயனர்களின் வரையறைகள் பிஜி_டம்ப் எடுக்கும் நகலில் வருவதில்லை; பிஜி_டம்ப்ஆல் கொண்டு பொதுப் பொருட்களை மட்டும் தனியே எடுத்து, முதலில் அவற்றை ஏற்ற வேண்டும். இது விடுபட்டால் உரிமையாளர் இல்லை என்ற பிழை வரிசையாக வந்து மீட்பவரின் நெஞ்சை உலுக்கும்.

ஏற்றி முடிந்தபின், தரவைப் பற்றிய புள்ளிவிவரங்களைத் திரட்டும் அனலைஸ் கட்டளையை இட மறக்கக்கூடாது. அதற்கு முன் தரவுத்தளத்திடம் எந்தப் புள்ளிவிவரமும் இராது. வினவல் திட்டங்கள் தாறுமாறாக அமைந்து, மீண்டுவந்த தளம் முதல் ஒரு மணி நேரம் மூச்சுத் திணறும்.

சோதனை மீட்பு ஒவ்வொரு வாரமும் தானாக நடக்க வேண்டும். அதன் முடிவு எண்ணாக வெளிவர வேண்டும். நான் இரண்டு எண்களைக் கேட்கிறேன்: மீட்பு எத்தனை நிமிடம் எடுத்தது, மீட்கப்பட்ட தரவுத்தளத்தில் மிக அண்மைய பதிவின் நேரம் என்ன. இவ்வெண்கள் ஒவ்வொரு திங்கட்கிழமை காலையும் வந்தாக வேண்டும். தோல்வியின்போது மட்டும் அனுப்பப்படும் செய்தியை நான் ஏற்பதில்லை. அப்படிப்பட்ட செய்தி வழியில் தடுக்கப்பட்டால் என்ன ஆகும் என்பதை எஸ்3 சேமிப்பகம் காலியாகக் கிடந்த அந்த இரவு காட்டியிருக்கிறது. திங்கள் காலை 9 மணிக்குள் எண்கள் வராவிட்டால், மற்ற வேலைகளை நிறுத்திவிட்டு முனையத்தைத் திறக்கிறேன். முதல் கட்டளையாக, நான் எந்தச் சர்வரில் இருக்கிறேன் என்று கேட்கிறேன்.